குறைந்த செலவுக் குறும்படம்: வன்னியில் தடை எது?

கையில் பணமில்லாதவர் தன் விருப்பப்படி ஒரு படம் எடுப்பதைத் தடுப்பது எது என்ற கேள்விக்கு முக்கால் நூற்றாண்டாக விடை சொல்லப்பட்டு வருகிறது. 1948இல் பிரெஞ்சு விமர்சகர் அலெக்ஸாந்தர் அஸ்ட்ரூக், எழுத்தாளர் பேனாவைப் பிடிப்பதுபோல இயக்குநர் கமராவைப் பிடிக்கும் காலம் வரும் என்றார். தடை கருவியில் இருக்கிறது என்பது அதன் உட்பொருள். 1962 பெப்ரவரியில் ஜேர்மனியின் ஒபர்ஹவுசன் குறும்பட விழாவில் 26 பேர் கையொப்பமிட்ட அறிக்கை, பழைய தொழிலமைப்பைத் தடையென்றது. புதிய சினிமாவுக்கான பள்ளிக்கூடம் குறும்படமே என்றும் சொன்னது. 1969இல் கியூப இயக்குநர் ஹூலியோ கார்சியா எஸ்பினோசா, நேர்த்தியின் மீதான மோகத்தையே தடையாகக் கண்டார். கருவி, அமைப்பு, மோகம் என்ற இந்த மூன்று விடைகளும் இன்றுவரை வெவ்வேறு வடிவங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன.

இலங்கையின் வன்னிப் பெருநிலப்பரப்பில் இந்த விடைகளை வைத்துப் பார்த்தால் சில பொருந்துகின்றன, சில பொருந்தவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் திரைப்படத் தொழில் என்று ஒன்று இருந்ததில்லை. போர், பொருளாதாரத் தடை, இடப்பெயர்வு, புலம்பெயர்வு எல்லாம் இங்கே படமெடுக்கும் முறையையே மாற்றியிருக்கின்றன. வவுனியா நகரிலிருந்து மேற்கே மன்னார் வீதியில் அமைந்த பூவரசங்குளம் போன்ற ஒரு விவசாயக் கிராமத்தை மனதில் வைத்துக்கொண்டால், பொதுவாகச் சொல்லப்படும் விடைகளில் எது தாங்கும், எது தாங்காது என்பது தெளிவாகும்.

சொற்களின் எல்லை

குறும்படத்துக்கு ஒரே அளவு இல்லை. ஒஸ்கார் விதிகள் 40 நிமிடத்தை மேல் எல்லையாகக் கொள்கின்றன. கான் விழாவின் குறும்படப் போட்டி 15 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ‘குறைந்த செலவு’ என்ற சொல் இன்னும் வழுக்கலானது. 1992இல் ரொபர்ட் ரொட்ரிகஸ் ‘எல் மரியாச்சி’யை ஏறத்தாழ 7,000 டொலரில் எடுத்தது உலகெங்கும் உதாரணமாகச் சொல்லப்படுகிறது. படத்தை வாங்கிய நிறுவனம் ஒலியைச் சீர்செய்யவும் பிரதி எடுக்கவும் அதைப்போலப் பல மடங்கு செலவழித்தது என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. எடுக்கும் செலவும் காட்டும் செலவும் வேறுவேறு.

‘சுயாதீனம்’ என்பதுதான் மூன்றிலும் சிக்கலான சொல். ஸ்டூடியோவுக்கு வெளியே எடுத்த படம் என்பது அமெரிக்கப் பொருள். ஸ்டூடியோவே இல்லாத வன்னியில் அந்தப் பொருள் எதையும் சுட்டாது. யாருடைய சொல்லுக்கும் கட்டுப்படாமல் எடுத்த படம் என்று பொருள்கொண்டால் மட்டுமே இங்கே அச்சொல்லால் பயனுண்டு.

பணமே தடை என்போர்

மிகப் பரவலான விடை இதுதான். இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் வரலாறும் இதற்குச் சான்று தருவதாகவே தோன்றும். முதற்படமான ‘சமுதாயம்’ 1962இல் 16 மில்லிமீற்றர் படச்சுருளில் எடுக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா 1972இல் ‘குத்துவிளக்கு’ படத்தைத் தயாரித்தார். தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த ‘பொன்மணி’ 1977இல் வந்தது. இன்று கொண்டாடப்படும் அந்தப் படம் அன்று வணிக வெற்றி பெறவில்லை. தமிழ்நாட்டுப் படங்களோடு அதே திரையரங்கில் போட்டியிட வேண்டியிருந்த இந்தப் படங்களுக்குப் போட்ட பணம் திரும்புவது அரிதாக இருந்தது. 1972இல் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் கடன் கொடுத்தது, விநியோகத்தையும் தன் கையில் எடுத்தது. ஆயினும் நிலையான ஒரு தமிழ்த் திரைத்தொழில் உருவாகவில்லை.

இந்த வாதத்தின் பலவீனம், பணம் என்று ஒற்றைச் சொல்லில் பல வேறு பொருள்களை அடக்குவது. எட்டுப் பேர் கொண்ட குழு இரண்டு நாள் படப்பிடிப்பு நடத்தினால் நாளுக்கு மூன்று வேளையாக 48 சாப்பாடு வேண்டும். வவுனியாவிலிருந்து வான் வேண்டும். நல்ல மைக்கும் விளக்கும் உள்ளூரில் கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ அவை வரவேண்டும். வாடகை நாட்கணக்கில் ஏறும். கமராவைவிடச் சோறும் போக்குவரத்தும் பெரிய செலவாகிவிடுவது சிறு படங்களில் வழக்கம். இவற்றைத் தாண்டி ஒரு செலவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. நடிப்பவர், ஒளிப்பதிவு செய்பவர், படத்தொகுப்புச் செய்பவர் என்று அத்தனை பேரும் சம்பளமின்றித் தரும் உழைப்பு அது. ‘குறைந்த செலவு’ என்று வெளியே சொல்லப்படுவது பெரும்பாலும் கூலி கொடுக்கப்படாத வேலையின் அளவே.

அந்த உழைப்பு எப்போது கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது பஞ்சாங்கம். கமராவும் அதைக் கையாளத் தெரிந்தவரும் கலியாண வீடியோ, சாமத்திய வீட்டு வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்களில் இருக்கிறார்கள். முகூர்த்தமில்லாத ஆடியிலும் மார்கழியிலும்தான் அவர்களுக்கு ஓய்வு. மார்கழி வன்னிக்கு மழை மாதம்: வயல் வெள்ளம், ஒழுங்கைச் சேறு, நனையக்கூடாத கருவி. எஞ்சுவது ஆடி. அப்போது சோளகக் காற்று ஓயாமல் வீசும். மைக்கில் உரையாடலுக்கு முன் காற்றே பதியும். இலவசமாகக் கிடைக்கும் ஆட்களுக்கும் கருவிக்கும் கொடுக்கப்படும் விலை இப்படி ஒலியில் வந்து நிற்கிறது.

கருவி வந்துவிட்டது என்போர்

அஸ்ட்ரூக்கின் கனவு நிறைவேறிவிட்டது என்பது இன்று அடிக்கடி கேட்கும் வாதம். 35 மில்லிமீற்றர் படச்சுருள் 1,000 அடி ஓடினால் ஏறத்தாழ 11 நிமிடம். ஒவ்வொரு அடிக்கும் காசு. 2008இல் வந்த கனன் 5டி மார்க் 2 போன்ற கமராக்கள், பெரிய படக் கமராவின் தோற்றத்தை நிழற்படக் கலைஞரின் கைக்குக் கொண்டுவந்தன. 2015இல் அமெரிக்கப் படமான ‘டாஞ்சரின்’ ஐபோனில் எடுக்கப்பட்டுப் பேசப்பட்டது. ஈழத்து இயக்குநர் மதிசுதா, போரின் இறுதிக்காலத்தைச் சொல்லும் ‘வெந்து தணிந்தது காடு’ படத்தைக் கைத்தொலைபேசியிலேயே எடுத்தார். அதே தலைப்பில் 2022இல் வெளியான பெரும் பொருட்செலவுத் தமிழ்நாட்டுப் படத்தின் நிழலில் இந்தப் படத்தின் பெயர் மறைந்துபோகும் நிலையும் வந்தது. கருவிச் சமத்துவம் பெயர்ச் சமத்துவத்தைக்கூடத் தருவதில்லை.

வன்னியின் அனுபவம் இந்த வாதத்தை முழுதாக மறுக்கவில்லை, ஆனால் கணிசமாகத் திருத்துகிறது. போர்க்காலத் தடையின்போது பற்றரிகூட உள்ளே வரமுடியாத பொருள்களில் ஒன்று; சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட நிலப்பரப்பு இது. இன்று மின்சாரம் உண்டு. எனினும் 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. எரிபொருளுக்கு வரிசை, பிறகு கியூஆர் பங்கீடு. ஜெனரேற்றருக்கு எண்ணெய் இல்லாதபோது கைத்தொலைபேசிக் கமரா இருந்தும் பயனில்லை.

தரவைச் சேமிப்பதும் ஒரு சிக்கல். விநாடிக்கு 100 மெகாபிற் வேகத்தில் பதியும் காட்சி ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைற் பிடிக்கும். மூன்று மணி நேரக் காட்சிக்கு 135; பாதுகாப்புக்கு இன்னொரு பிரதி வைத்தால் 270. இரண்டாவது வன்தட்டு வாங்கப் பணமில்லாத குழு, முந்திய படத்தின் மூலக்காட்சிகளை அழித்துவிட்டுப் புதியதைப் பதிகிறது.

ஒலிதான் எல்லாவற்றிலும் கடினம். ஊருக்குப் பெயர்தந்த பூவரச மரத்தடியில் தாயும் மகளும் பேசும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளலாம். படத்துக்கு அந்த நிழல் மிக அழகு: அகன்ற இலைகளின் இடையே விழும் வெயில் முகத்தில் அசையும். ஒலிப்பதிவாளருக்கோ அந்த இலைகள்தான் முதல் எதிரி. பிறகு வயலிலிருந்து திரும்பும் லான்ட்மாஸ்டர், மன்னார் வீதியில் ஹோர்ன் அடிக்கும் பஸ், கோயில் ஒலிபெருக்கி, காகம். தாய் ஒரு வசனம் சொல்லிமுடிக்க நான்கு முறை நிறுத்தவேண்டியிருக்கும். நான்காவது முறை வெயில் நகர்ந்திருக்கும்; முதற்காட்சியோடு ஒட்டாது. கமராவின் விலை சரிந்ததுபோல அமைதியின் விலை சரியவில்லை. டப்பிங் செய்யலாம் என்பார்கள். அதற்கு ஓசையடங்கிய அறையும், தன் உதட்டசைவுக்கே திரும்பப் பேசப் பயின்ற நடிகரும் வேண்டும்.

குறையே அழகு என்போர்

மூன்றாவது விடை, தடையைத் தடையாகவே கருதாதது. பிரேசிலின் கிளாபர் ரோச்சா 1965இல் பசியின் அழகியலைப் பற்றி எழுதினார். ஆர்ஜென்டினாவின் சொலானாஸ், கெற்றினோ இருவரும் 1969இல் மூன்றாம் சினிமாவை முன்வைத்தனர். 1995இல் டென்மார்க்கின் டொக்மா குழு, செயற்கை விளக்கும் பிற்சேர்க்கை ஒலியும் வேண்டாம் என்று தனக்குத்தானே விதி போட்டுக்கொண்டது. தமிழில் ‘அக்கிரகாரத்தில் கழுதை’ எடுத்த ஜோன் ஏபிரகாம், கேரளத்தில் 1984இல் தொடங்கிய ஒடேசா இயக்கத்தின் வழியாக மக்களிடம் சிறு தொகைகளாகத் திரட்டி 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். படத்தைத் திரையரங்கத்துக்கு வெளியே ஊர் ஊராகக் கொண்டுபோனது அந்த இயக்கத்தின் இன்னொரு பாதி. பணம் தந்தவர்களே பார்வையாளராகவும் இருந்த அந்த முறை, வன்னி போன்ற இடத்துக்கு மிக அண்மையான முன்மாதிரி என்று சொல்ல இடமுண்டு.

இந்த நிலைப்பாட்டில் இரண்டு குறைகள் சுட்டப்படுகின்றன. டொக்மா குழுவினர் விளக்கைத் துறந்தது விளக்கு கிடைக்கக்கூடிய நாட்டில். துறப்பதும் இல்லாதிருப்பதும் ஒன்றல்ல. மற்றது பார்வையாளர் பற்றியது. தமிழ்நாட்டுப் படங்களின் பளபளப்பில் கண் பழகிய ஊர்மக்கள், நடுங்கும் காட்சியை அழகியல் என்று ஏற்பதில்லை. எடுக்கத் தெரியவில்லை என்றே கொள்கிறார்கள். அவர்களுடைய கணிப்பு பல வேளைகளில் சரியாகவும் இருக்கிறது.

பயிற்சியும் பேச்சும்

தடை பயிற்சியின்மை என்பது நான்காவது விடை. தமிழ்நாட்டில் ‘நிழல்’ இதழும் ‘பதியம்’ அமைப்பும் ஊர்களில் குறும்படப் பயிற்சிப் பட்டறைகள் நடத்தின. 2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியிலிருந்து கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் போன்றோர் முழுநீளப் படங்களுக்குப் போனார்கள். அங்கே குறும்படம் ஒரு விசிட்டிங் கார்ட். போய்ச்சேர ஒரு தொழில் இருந்ததால்தான் அது பலித்தது. போய்ச்சேர இடமில்லாத வன்னியில் அதே பயிற்சி எதற்கு இட்டுச்செல்லும் என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் விடையில்லை.

பயிற்சியே இல்லாத நிலமும் அல்ல இது. முள்ளியவளைக் கோவலன் கூத்து தலைமுறைகளாகக் கைமாறி வந்தது. முல்லைமணியின் ‘பண்டாரவன்னியன்’ நாடகம் மேடைகளில் புகழ்பெற்றது. ஆனால் கூத்து, தொலைவில் பாயில் இருப்பவருக்குக் கேட்கப் பாடும் கலை. கமரா அரையடித் தொலைவில் நின்று கண்ணிமையைப் பார்க்கிறது. அந்தப் பெருங்குரலைச் சிறிதாக்கக் கற்பிப்பவர் இங்கே அரிது.

பேச்சுமொழியும் அப்படியே. திரையில் தமிழ் என்றால் சென்னைத் தமிழ் என்று செவி பழகிவிட்டதால், ‘எங்க போறியள்’ என்று வீட்டில் பேசுபவர் கமராவுக்கு முன் ‘எங்க போறீங்க’ என்று தன்னையறியாமல் மாறுகிறார். வன்னிப் பேச்சை வன்னிப் படத்துக்குள் கொண்டுவருவதே இயக்குநரின் பாதி வேலையாகிறது. பெண் நடிகர் கிடைப்பது அதைவிடக் கடினம். கூத்தில் ஆண்கள் பெண்வேடம் போட்டார்கள். திரையில் அது இயலாது. மகள் படத்தில் நடித்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பெற்றோரின் தயக்கம் பல கதைகளைப் பெண்ணே இல்லாத கதைகளாக்கியிருக்கிறது. இதைக் குறைந்த செலவின் விளைவாகக் கருதமுடியாது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் தீராத தடை இது.

யாருடைய பணம்

பணம், கருவி, பயிற்சி, பார்வையாளர் நான்கும் ஒருங்கே இருந்த ஒரு காலம் வன்னிக்கு உண்டு. விடுதலைப் புலிகளின் ‘நிதர்சனம்’ பிரிவு படங்கள் எடுத்தது. ‘ஒளிவீச்சு’ என்ற வீடியோச் சஞ்சிகையில் குறும்படங்களும் இடம்பெற்றன. ஜெனரேற்றரில் இயங்கும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஊரே கூடிப் பார்த்தது. போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் தமிழ்நாட்டு இயக்குநர் மகேந்திரன் வந்து பயிற்சியளித்தார். அவருடைய மகன் ஜான் மகேந்திரன் இயக்கிய ‘ஆணிவேர்’ வன்னியில் படமாக்கப்பட்டு 2006இல் வெளியானது. முன்சொன்ன எல்லாத் தடைகளும் நீங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஒரு சோதனைக்களம்போல அமைந்தது. திறமையான ஒளிப்பதிவாளர்களும் தொகுப்பாளர்களும் உருவானார்கள். அவர்களிற் பலர் போரில் மாண்டார்கள். ஆனால் எதைப் படமாக்கலாம் என்ற கேள்விக்கு விடை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. அந்தப் படங்களைப் பிரசாரம் என்று ஒதுக்குவோரும், தடைக்குள் பிறந்த தேசியச் சினிமா என்று போற்றுவோரும் உண்டு. இரு தரப்பும் ஒத்துக்கொள்ளக்கூடியது ஒன்று: அவை சுயாதீனப் படங்கள் அல்ல.

2009இல் போர் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் மன்னார் வீதியை ஒட்டிய செட்டிகுளம் மனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். பிறகு வந்த பணம் தொண்டு நிறுவனங்களின் பணம். கண்ணிவெடி விழிப்புணர்வு, டெங்கு, இளவயதுத் திருமணம், நல்லிணக்கம் என்று தலைப்பும் அதனுடனேயே வந்தது. இந்த வேலைகள் இளைஞர் பலருக்குக் கமராவைப் பழக்கின என்பதை மறுக்கமுடியாது. கதையின் கடைசியில் பாத்திரங்கள் திருந்தவேண்டும் என்ற பழக்கத்தையும் அவை பழக்கின. சொந்தக் கதையை எடுக்கும்போதுகூட அந்தத் திருந்தல் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

மூன்றாவது ஊற்று புலம்பெயர் உறவுகள். கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளங்களில் இலங்கையிலிருந்து திட்டம் தொடங்க வழியில்லாததால், நிதி திரட்டுவது தனிப்பட்ட அழைப்புகளாகவே நடக்கிறது: கனடாவில் மாமா, சுவிஸில் பள்ளித்தோழன். நிபந்தனை எழுத்தில் இருப்பதில்லை. எனினும் பணம் அனுப்புபவர் தான் விட்டுவந்த ஊரையும் தான் சுமக்கும் துயரையும் திரையில் காண விரும்புவது இயல்பு. இன்றைய ஊரின் நுண்கடன், மது, காணிச் சண்டை, சாதி ஆகியவை அந்த நினைவுக்குள் எளிதில் அடங்குவதில்லை. விதிவிலக்குகள் உண்டு. கனகராயன்குளத்தைக் களமாகக் கொண்ட புதியவன் இராசையாவின் ‘மண்’, மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய மக்கள் இங்கே நடத்தப்பட்ட விதத்தைப் பேசியது. முழுநீளப் படமாயினும், புலம்பெயர்ந்தவரின் பணமும் பார்வையும் ஊரின் சங்கடத்தைத் தொடவும் கூடும் என்பதற்கு அது சாட்சி.

இந்த மூன்று ஊற்றுக்களையும் ஒப்பிட்டால், பணம் இல்லாதது ஒரு தடை என்றால் பணம் வருவது இன்னொரு தடையின் தொடக்கம் என்றே படுகிறது. பணத்தைத் தடையென்போர் இந்த இரண்டாவது தடையை அதிகம் எண்ணுவதில்லை.

அனுமதியும் அச்சமும்

பொதுமக்கள் முன் படம் காட்டுவது 1912ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலிருந்து வளர்ந்த தணிக்கை முறைக்கு உட்பட்டது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நினைவு எழுதும் கையிலேயே இருக்கிறது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் ட்ரோன் பறப்பது நிறுத்தப்பட்டது. போர்க் காட்சி எடுப்பவர் சீருடைக்கும் விளையாட்டுத் துப்பாக்கிக்கும் கூட விளக்கம் சொல்ல ஆயத்தமாக இருக்கவேண்டும். நேரடித் தடையைக் காட்டிலும், ‘ஏன் வீண் பிரச்சினை’ என்று கதையெழுதும்போதே வெட்டிவிடும் சுயதணிக்கையே பெரிதாக வேலை செய்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கருத்து. எழுதப்படாத கதைகளை எண்ண வழியில்லாததால் இதன் அளவை நிறுவுவது கடினம்.

யார் பார்ப்பார்

இலண்டனில் ‘விம்பம்’, ரொறன்ரோவில் சுயாதீனக் கலைத் திரைப்படக் கழகம், 2010 முதல் நோர்வேத் தமிழ்த் திரைப்பட விழா, 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா ஆகியவை ஈழத்துக் குறும்படத்துக்கு மேடை தந்தவை. மற்றச் சர்வதேச விழாக்களுக்கு நுழைவுக் கட்டணம் டொலரில். 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது அந்தக் கட்டணமும் கூடவே ஏறியது. ஆங்கிலத் துணையெழுத்து வேறு வேண்டும். யூரியூப் இலவசம், ஆனால் அங்கே பன்னிரண்டு நிமிட மௌனத்தைப் பொறுமையாகப் பார்க்க யாரும் வருவதில்லை.

பூவரசங்குளத்தில் எடுத்த படம் பூவரசங்குளத்தில் காட்டப்படுவதுதான் மிக அரிது. ஒருகாலத்தில் வடக்கின் ஊர்களில் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் விடியவிடிய மூன்று நான்கு படம் பார்த்தார்கள். ஓடியவை தமிழ்நாட்டுப் படங்கள். எனினும் ஒரு படத்துக்காகக் கூட்டாகப் பணம் கொடுக்கும் பழக்கம் ஊரில் இருந்தது என்பதற்கு அது சான்று. இன்று சனசமூக நிலையமும் பாடசாலை மண்டபமும் புரொஜெக்டரும் உள்ளன. அந்தப் பழக்கம் இல்லை. ஒடேசா இயக்கத்தின் முதற்பாதியான பணம் திரட்டுதல் இங்கே எப்படியோ நடந்துவிடுகிறது. ஊர் ஊராகக் காட்டும் இரண்டாம் பாதி பெரும்பாலும் நடைபெறவில்லை.

தீராத கேள்விகள்

கருவியைத் தடையென்ற விடை ஏறத்தாழக் காலாவதியாகிவிட்டது. அதன் எச்சம் ஒலியிலும் சேமிப்பிலும் மின்சாரத்திலும் நிற்கிறது. பணத்தைத் தடையென்ற விடை உண்மை, ஆனால் அரைகுறை. குறையை அழகாக்கும் விடை, கைதேர்ந்தவருக்கு மட்டும் பயன்படுகிறது. மூன்று மாவட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே குழு ஒன்றாக நின்று இரண்டாவது, மூன்றாவது படம் எடுப்பதே எல்லாவற்றிலும் அரிது என்று கருத இடமிருக்கிறது. முதற்படம் ஆர்வத்தில் முடிந்துவிடுகிறது. அடுத்ததற்குள் ஒளிப்பதிவாளர் கட்டாருக்கோ கனடாவுக்கோ போய்விடுகிறார். நடித்த பெண்ணுக்குக் கலியாணமாகிவிடுகிறது. தொகுப்பாளர் கலியாண அல்பங்களுக்கு முழுநேரமாகத் திரும்புகிறார். கற்றது குழுவோடு கலைகிறது. ஊர்த் திரையிடல் ஒழுங்காக நடந்தால் இந்தக் கலைவு குறையுமா என்பது இன்னும் செய்து பார்க்கப்படாத சோதனை.

காப்பகம் பற்றிய கேள்வியும் திறந்தே கிடக்கிறது. போரில் அழிந்த ஒளிநாடாக்களுக்கு ஈடில்லை. அதன் பிறகு எடுக்கப்பட்டவை தனியார் வன்தட்டுகளிலும் யூரியூப் கணக்குகளிலும் இருக்கின்றன. கடவுச்சொல் மறந்தால், வன்தட்டு பழுதானால், அவையும் போய்விடும். 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்ட வவுனியாப் பல்கலைக்கழகமோ, மாவட்ட நூலகங்களோ, இந்தப் படங்களின் பிரதிகளைத் திரட்டிப் பட்டியலிடும் பொறுப்பை ஏற்கலாம். அப்படி ஒரு பட்டியல் அமையும்வரை, வன்னியில் இதுவரை எத்தனை குறும்படங்கள் எடுக்கப்பட்டன என்ற எளிய கேள்விக்குக்கூட உறுதியான விடை சொல்ல இயலாது.